ராக்கம்மாளின் நீலப் படிகம்

மேசை மேல் முப்பத்திரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய காகிதச் சீட்டு. சீட்டில் மாணவியின் பெயர், உப்பின் பெயர். எல்லாவற்றிலும் ஒரே சரக்குதான். காப்பர் சல்பேட். நம் பக்கத்தில் மயில்துத்தம் என்போமே, அது.

முப்பத்தோரு குப்பிகளில் இருந்தது தூள். சிலது வெளிறிய நீலம், சிலது ஏறக்குறைய வெள்ளை. ஒரே ஒரு குப்பியில் மட்டும் கட்டைவிரல் நகத்தின் அளவில் ஒற்றைப் படிகம் கிடந்தது. பக்கங்கள் சாய்ந்து, விளிம்புகள் செதுக்கியது போலிருந்தன. ஜன்னல் வெளிச்சம் அதற்குள் போனால் திரும்பி வர மனமில்லாததுபோல் நீலமாகத் தங்கி நின்றது.

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். ராக்கம்மாள்.

"இது நீ செஞ்சதா?"

கடைசி வரிசையில் எழுந்து நின்றாள். "ஆமாங்க டீச்சர்."

"எப்ப செஞ்ச?"

பதில் இல்லை.

"வகுப்புல எல்லாரும் செஞ்சபோது நானும்தானே கூட இருந்தேன்? அன்னைக்கு ஒன் கிண்ணத்துல இப்படி ஒண்ணு இல்லையே. எங்க வச்சு செஞ்ச?"

தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

பின்னால் இருந்த அலமாரியைத் திறந்து, காப்பர் சல்பேட் இருப்பு பாட்டிலை எடுத்தேன். கடையிலிருந்து வரும்போதே பெரிய பெரிய கட்டிகளாக வரும். பொங்கல் விடுமுறைக்கு முன் கழுத்துவரை இருந்தது. இப்போது முக்கால்தான்.

"இதுலேர்ந்து எடுத்தியா?"

"இல்லீங்க டீச்சர். நானே செஞ்சது."

"அப்ப எப்படிச் செஞ்சன்னு சொல்லு."

அவள் சொல்லவில்லை. நான் அவளுடைய ரெக்கார்டு நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் 'சொந்த வேலை அல்ல' என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டேன். மணி அடித்ததும் எல்லாரும் போனார்கள். அவளும் போனாள்.

அழவில்லை. அழுதிருந்தால் திருடியதற்கு அழுகிறாள் என்று நினைத்திருப்பேன். அழாததைப் பார்த்து, திமிர் என்று நினைத்தேன்.

கரைவதும் கரையாததும்

நான் வேலைக்குச் சேர்ந்த கதையை இந்தத் தொடரில் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். திருமயத்துக்குப் பக்கத்தில் வியாபாரக் குடும்பம் எங்களுடையது. அப்பா மலாயாவில் இருந்தார். எங்கள் தெருவில் பி.எஸ்ஸி. படித்த முதல் பெண் நான். இருபத்து மூன்று வயதில் புதுக்கோட்டையில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ரசாயன ஆசிரியை ஆனேன். சமஸ்தானம் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் ஊரில் பாதிக் கட்டடங்கள் இன்னும் ராஜாவின் கட்டடங்களாகவே இருந்தன. எங்கள் ஆய்வுக்கூடமும் ஏதோ பழைய அரசாங்கக் கிடங்கு. உயரமான கூரை. மேலே புறாக்கள். கீழே நாங்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகள் அந்த வருஷம் இரண்டு உப்புகள் தயாரித்துக் காட்ட வேண்டும். ஒன்று நீரில் கரையும் உப்பு, இன்னொன்று கரையாத உப்பு.

கரையாத உப்பு சுலபம். இரண்டு தெளிவான கரைசல்களை ஒன்றில் ஒன்று ஊற்றினால் போதும். கண் எதிரிலேயே பால் போல வெளுத்து, வீழ்படிவு அடியில் இறங்கும். வடிகட்டி, கழுவி, உலர்த்தினால் வேலை முடிந்தது. பிள்ளைகளுக்கு அது கண்கட்டு வித்தை மாதிரி.

கரையும் உப்புக்குப் பொறுமை வேண்டும். நீர்த்த கந்தகாமிலத்தைச் சூடுபடுத்தி, கறுப்புத் தாமிர ஆக்ஸைடைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். இனிமேல் கரையாது என்று கறுப்பு அடியில் தங்கும்போது வடிகட்ட வேண்டும். நீலக் கரைசலைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் வற்ற வைக்க வேண்டும். கண்ணாடிக் குச்சியை நனைத்து எடுத்து ஊதினால் குச்சி நுனியில் படிகம் பூக்கிற தருணத்தில் விளக்கை அணைத்துவிட வேண்டும். அப்புறம் தொடாமல் ஆற விட வேண்டும்.

நாற்பத்தைந்து நிமிஷப் பாடவேளை. விளக்குகள் ஆறு. யார் தொடாமல் ஆற விடுவார்கள்? எல்லாரும் கடைசி சொட்டு வரை காய்ச்சித் தூளாகச் சுரண்டி எடுத்தார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சீக்கிரம் முடிந்தால் சரி என்று இருந்தேன்.

திருச்சியில் ஒரு மத்தியானம்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் இதை எழுத நான் துணியவில்லை.

திருச்சியில் கல்லூரியில் படிக்கும்போது செய்முறைத் தேர்வில் எனக்கு பேரியம் சல்பேட் வந்தது. மாவை விட நைஸான வெள்ளைப் படிவு அது. அவசரத்தில் கண்ணாடிக் குச்சியால் குத்தி வடிதாளைக் கிழித்துவிட்டேன். படிவில் பாதி கீழே போய்விட்டது. எடை போட்டுக் காட்ட வேண்டிய நேரம். பக்கத்து மேசைத் தோழி கை கழுவப் போயிருந்தாள். அவளுடைய தாளிலிருந்து கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து என் தாளில் போட்டுக்கொண்டேன்.

யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்கவில்லை. எனக்கு நல்ல மார்க்.

ராக்கம்மாளின் குப்பியைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, எடுத்திருப்பாள் என்பதுதான். எங்கிருந்து அந்த நினைப்பு அவ்வளவு வேகமாக வந்தது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. இன்னொன்றையும் யோசிக்கவில்லை. அதே வகுப்பில் வக்கீல் வீட்டுப் பெண் ஒருத்தி முதல் வரிசையில் இருந்தாள். அந்தப் படிகம் அவளுடைய குப்பியில் இருந்திருந்தால் நான் அலமாரியைத் திறந்திருப்பேனா? கைதட்டச் சொல்லியிருப்பேன்.

ராக்கம்மாள் மணமேல்குடியிலிருந்து வந்தவள். அப்பா கடலுக்குப் போகிறவர். பள்ளிக்கூட விடுதியில் தங்கி இலவசமாகப் படித்தாள். விடுதிச் சாப்பாட்டை நம்பிப் படிக்கிற பெண் எடுக்கத்தான் செய்வாள் என்று எனக்குள் ஏதோ ஒன்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்தது.

முறைப்படி தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் விடுதிக் காப்பாளரிடம் சொன்னார். மூன்றாம் நாள் ராக்கம்மாளின் இடம் காலியாக இருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

சவரிமுத்து திரும்பி வந்தார்

ஆய்வுக்கூட உதவியாளர் சவரிமுத்துவுக்கு ஆவூர். தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவில் போயிருந்தவர், ராக்கம்மாள் போய் ஒரு வாரம் கழித்து வந்தார். எனக்கு ஒரு பொட்டலத்தில் கல்யாணப் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூலையிலிருந்த தராசு அலமாரியைத் திறந்தார். கீழ்த் தட்டில் எதையோ தேடினார்.

"என்ன தேடுறீங்க?"

"ஒரு கிண்ணம் இருந்துச்சுங்க டீச்சரம்மா. அந்த மணமேல்குடிப் புள்ள எடுத்துருச்சு போலருக்கு. கல்லு நல்லா வளந்துச்சுங்களா?"

என் கையிலிருந்த பேனா நின்றது.

"எந்தக் கல்லு?"

அப்போதுதான் அவருக்கு, நான் எதுவும் அறியாதவள் என்பது புரிந்தது. முகம் மாறிப்போயிற்று. மாணவிகளை வகுப்பு நேரம் தவிர ஆய்வுக்கூடத்துக்குள் விடக் கூடாது என்பது கண்டிப்பான விதி. மீறினால் அவர் வேலை போகும்.

"சொல்லுங்க சவரிமுத்து. ஒங்களுக்கு ஒண்ணும் வராது."

தயங்கித் தயங்கிச் சொன்னார். வகுப்பு முடிந்த அன்று சாயங்காலம் அந்தப் பெண் வந்து, தன் கரைசலில் பாதியை வற்ற வைக்காமல் வைத்திருப்பதாகவும், அதை அசையாத இடத்தில் கொஞ்ச நாள் வைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாள். அவர் தராசு அலமாரியின் கீழ்த் தட்டைக் காட்டியிருக்கிறார்.

"தெனம் காலையில மணி அடிக்குமுன்ன வந்து எட்டிப் பாத்துட்டுப் போகும். மொத நாளு நூலைக் கட்டித் தொங்கவிட்டுச்சு. நூலு பூராம் பொடிப்பொடியா அப்பிக்கிச்சு. மறுநா அதைத் தூக்கிப் போட்டுட்டு, அடியில கெடந்ததுல நல்லதா ஒரு சின்னக் கல்லைப் பொறுக்குச்சு. தலைமுடி ஒண்ணைப் பிடுங்கி அதுல கட்டுச்சுங்க டீச்சரம்மா. என்ன புள்ள, முடியில கட்டுறன்னேன். 'நூலுன்னா அதுல தனியா மொளைக்குதுண்ணே, முடி வழுவழுன்னு இருக்குல்ல'ன்னுச்சு."

என் மேசை இழுப்பறையில் அந்தக் குப்பி இருந்தது. படிகத்தை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

உள்ளே மயிரிழை ஒன்று மேலிருந்து நடுவரை இறங்கியது. நடுவில் ஒரு முடிச்சு. வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை விளிம்போடு ஒட்டக் கத்தரித்திருந்தாள்.

கடைப் பாட்டில் கட்டிக்குள் யாருடைய தலைமுடியும் இருக்காது.

பாட்டிலில் குறைந்தது எங்கே போயிற்று என்பதும் அப்போதுதான் நினைவு வந்தது. விடுமுறை முடிந்த வாரம் நாலாம் பாரத்து, அதாவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, நீலத் துத்தத்தைச் சூடாக்கினால் வெள்ளையாகும், தண்ணீர் தெளித்தால் திரும்ப நீலமாகும் என்று செய்து காட்டியிருந்தேன். எடுத்தது நான். என் கையால்.

சவரிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ளைக்கு என்னங்க ஆச்சு?"

சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். என் முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "என் பேரைச் சொல்லக் கூடாதுன்னு பேசாம இருந்துருக்கு," என்றார்.

மணமேல்குடி

ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கி பஸ் பிடித்து, அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடித்து மணமேல்குடி போனேன். கடல் கண்ணில் படுவதற்கு முன்பே காற்றில் கருவாட்டு வாசனை வந்தது. விசாரித்துக்கொண்டு போய்ச் சேரும்போது நல்ல வெயில்.

வீட்டு முன்னால் மணலில் பாய் விரித்து மீன் காய்ந்துகொண்டிருந்தது. ராக்கம்மாள் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நிமிர்ந்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள்.

உள்ளேயிருந்து அவள் அம்மா வந்தார். "யாரு ஆத்தா?"

"டீச்சர்," என்றாள் ராக்கம்மாள்.

"எம்மக களவாண்டான்னு எழுதிக் குடுத்த டீச்சரா?"

"நான்தாம்மா," என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "வெயில்ல நிக்காதீக, இங்கிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு, ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, வரும் வழியெல்லாம் மனத்துக்குள் கட்டிவைத்திருந்த வாக்கியங்களை மறந்துவிட்டு, "ராக்கு, நான் தப்புப் பண்ணிட்டேன். நீ செஞ்சதுதான்னு தெரிஞ்சுபோச்சு. சவரிமுத்து சொன்னாரு. அவருக்கு ஒண்ணும் ஆகாது. நீ திரும்பி வரணும்," என்றேன்.

அவள் மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அவரு சொல்லலைன்னா டீச்சர்?"

"சொல்லலைன்னா நான் வந்திருக்க மாட்டேன்," என்றேன். அதுதான் உண்மை.

பிறகு திருச்சிக் கதையையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வடிதாள் கிழிந்ததையும், கரண்டி நுனியில் எடுத்ததையும், நல்ல மார்க் வந்ததையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"ஒங்களை யாருமே கேக்கலைங்களா டீச்சர்?"

"இல்லை."

"ம்," என்றாள்.

அவள் அம்மா குறுக்கிட்டார். "நாங்க ஒண்ணும் இதைக் கூப்பிடலைம்மா. அதுவா வந்துருச்சு. இவக அப்பா ரெண்டு நாளாச் சாப்பிடலை. படிப்பு போச்சேன்னு இல்லை. களவுப் பேரு வந்துருச்சேன்னு."

ராக்கம்மாள் கடைசி மீனையும் திருப்பிப் போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"வாரேங்க டீச்சர். ஆனா நீங்க இங்க வந்து சொன்னது பத்தாது. வகுப்புல வச்சுத்தானே என்னையச் சொன்னீங்க?"

தலைமையாசிரியையின் அறை

தலைமையாசிரியை நல்லவர். கண்டிப்பானவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, முதலில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"லேபை யார் தொறந்து விட்டது?"

"சாவி என் பொறுப்புங்க மேடம். அதுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

அவர் மேலே அதைக் கேட்கவில்லை.

"பெண்ணைச் சேர்த்துக்கலாம். விடுதிக்கு நான் சொல்றேன். ஆனா வகுப்புல மன்னிப்புக் கேக்குறதெல்லாம் வேண்டாம். தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க. வாத்தியார் வகுப்பு முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னா, நாளைக்கு எந்தப் பொண்ணு ஒங்க பேச்சைக் கேக்கும்? நீங்க இன்னும் நிரந்தரம் ஆகலை விசாலாட்சி. அதையும் மனசுல வச்சுக்குங்க."

"தனியாச் சொல்லிட்டேங்க. அவ வகுப்புல கேக்குறா."

"அவ கேட்டா?"

"அவ கேக்குறது நியாயம்னு தோணுது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வேண்டாம்னு சொல்லியாச்சு. அப்புறம் ஒங்க இஷ்டம்," என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். வேலை போனால் திருமயத்துக்குத் திரும்பிப் போய் மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி உட்கார வேண்டியதுதான். அப்பாவின் கடிதங்கள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. பயம் இருந்தது. இல்லையென்று எழுதினால் பொய்.

புதன்கிழமை மூன்றாம் பாடவேளை

ராக்கம்மாள் கடைசி வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் அரையடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அது என் கண்ணில் பட்டது.

வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"ராக்கம்மாள் காப்பர் சல்பேட்டை எடுத்தாள்னு இந்த வகுப்புல வச்சு நான் சொன்னேன். அது தப்பு. அவ எடுக்கலை. அந்தப் படிகத்தை அவளே செஞ்சா. பாட்டில்ல கொறஞ்சது நான் எடுத்தது. மறந்துபோயிட்டேன். விசாரிக்காம எழுதுனேன். ராக்கம்மாள், ஒங்கிட்ட நான் மன்னிப்புக் கேக்குறேன்."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய ரெக்கார்டு நோட்டை எடுத்து, எல்லாரும் பார்க்க அந்தச் சிவப்பு வரியை அடித்து, பக்கத்தில் 'ஆசிரியையின் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கூரையில் புறாக்கள் மட்டும் சத்தம் போட்டன. முதல் வரிசையில் வக்கீல் வீட்டுப் பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அது எப்படி அவ்வளவு பெருசா வந்துச்சு?"

"எனக்குத் தெரியாது. அவளைக் கேளு."

ராக்கம்மாள் எழுந்து முன்னால் வந்தாள்.

"கல்கண்டுல நூலு இருக்குமில்ல? கடையில வாங்குறப்ப பாத்துருப்பீக. அந்த நூலு எப்படி உள்ள போச்சுன்னு யோசிச்சேன். நூலை உள்ள விட்டிருக்க மாட்டாக, நூலைச் சுத்தித்தான் கல்கண்டு வளந்துருக்கும்னு தோணுச்சு. அப்ப துத்தமும் வளரணும்ல? அம்புட்டுத்தான்."

அந்தக் கிடங்குக் கூரைக்குக் கீழே அதுவரை நான் அப்படி ஒரு பாடம் நடத்தியதில்லை. அடுத்த வாரம் முப்பத்திரண்டு பிள்ளைகளும் தலைமுடியைப் பிடுங்கிக்கொண்டு நின்றார்கள். சவரிமுத்து அலமாரியின் மூன்று தட்டுகளையும் காலி செய்து கொடுத்தார்.

தலைமையாசிரியை ஒரு மாதம் என்னிடம் அதிகம் பேசவில்லை. ஆனால் வருஷக் கடைசியில் என்னை நிரந்தரமாக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது அவர்தான்.

பரீட்சைக்குப் பிறகு

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி ஆகவில்லை. ராக்கம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். சொன்ன வேலையைச் செய்தாள். கரையாத உப்பையும் குறையில்லாமல் செய்து, சுத்தமாகக் கழுவி உலர்த்திக் கொடுத்தாள். ஆனால் மற்றப் பிள்ளைகள் என் மேசையைச் சுற்றி நின்று சிரிக்கும்போது அவள் வந்து நிற்க மாட்டாள். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

நல்ல மார்க் வாங்கித் தேறினாள். சர்ட்டிபிகேட் வாங்க அம்மாவோடு வந்திருந்தாள். தஞ்சாவூரில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருப்பதாகச் சொன்னாள். தாவணி போய்ச் சேலை வந்திருந்தது.

"நல்லா இரு," என்றேன். என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்க நினைத்ததைக் கேட்க முடியவில்லை.

வாசல் வரை போனவள் நின்றாள். அம்மாவை முன்னால் போகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு."

"எனக்கப்புறம் வேற யாரையாச்சும் சந்தேகப்பட்டீங்களா?"

"பட்டேன். ரெண்டு தடவை."

"என்ன செஞ்சீங்க?"

"தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். பதில் சொல்ற வரைக்கும் காத்திருந்தேன். ஒருத்தி அன்னைக்கே சொன்னா. இன்னொருத்திக்கு ஆறு நாளாச்சு."

"ஆறு நாளும் காத்திருந்தீங்களா?"

"இருந்தேன்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அந்த வருஷம் முழுக்க அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"சரிங்க டீச்சர்," என்றாள். வெளியே அவள் அம்மா பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கூப்பிட்டார். "போயிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.